கல்லில் கட்டிய கயிறு

அம்பலக்காரர் தீர்ப்புச் சொன்ன மறுநாள் விடிந்ததும், நாகராசு ஒரு மாற்று வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இருளாயி வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. இருளாயி மாட்டுக் கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் கொட்டத்துக்குள் போய் அவள் கையிலிருந்த கூடையை வாங்கினான். அவள் கொடுத்தாள். கொடுத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள்.

அவன்தான் அவள் மகனைக் கொன்றவன். ஊர் அப்படித்தான் சொன்னது.

நான் அந்த வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு விராலிமலைப் பக்கம். கீரனூரில் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதும் வேலை. வேலை முடிந்ததும் மாலை வகுப்பு. அது முடிந்து சைக்கிளில் நெடுங்கரைப்பட்டிக்கு வருவேன். என் அறைக்கும் அவர்கள் புழங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். அதனால் நான் சொல்லப்போவதில் கண்டதும் உண்டு, சுவருக்கு அப்பால் கேட்டதும் உண்டு, பிறர் சொன்னதும் உண்டு. எது எது என்று முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன். சில இடங்களில் எனக்கே சந்தேகம் இருக்கிறது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கண்மாய் இல்லாத ஊர் குறைவு. நெடுங்கரைப்பட்டிக் கண்மாயின் மடை மிகப் பழையது. கரையிலிருந்து மூன்று கல்பலகைகள் தண்ணீருக்குள் நீண்டு போகும். அவை முடியும் இடத்தில் இரண்டு கல்தூண்கள், நடுவில் ஒரு குறுக்குக்கல். அதற்கு நேர் கீழே, தண்ணீருக்கடியில், மடைத்துளை. துளையை ஓர் அடைகல் மூடியிருக்கும். வயலுக்குத் தண்ணீர் விட வேண்டுமானால் ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூழ்கிப் போய் அந்தக் கல்லைப் புரட்ட வேண்டும். புரட்டியதும் துளை உறிஞ்சத் தொடங்கும். மூழ்கியவன் கயிற்றை இரண்டு முறை சுண்டுவான். குறுக்குக்கல்லில் நிற்பவன் அந்தக் கணமே அவனை இழுத்து எடுத்துவிட வேண்டும். கயிற்றைப் பிடிப்பவன் உட்காரக் கூடாது, பேசக் கூடாது, கயிற்றைக் கையில்தான் வைத்திருக்க வேண்டும். கல்லில் கட்டவே கூடாது. கல்லுக்குச் சுண்டினால் தெரியாது.

மூழ்குவது ராசுவின் வேலை. அவன் அப்பனுக்குப் பிறகு அவனுக்கு வந்தது. கயிறு பிடிப்பது அவன் கூட்டாளி நாகராசுவின் வேலை. அந்த மார்கழியில் மடை திறக்கப் போனபோது நாகராசு கயிற்றைத் தூணில் கட்டிவிட்டான். அவன் நிமிர்ந்து பார்த்தபோது கயிறு விறைத்து நின்றது. எவ்வளவு நேரமாக விறைத்து நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆறு பேர் சேர்ந்து ராசுவை இழுத்துப் போட்டார்கள். ஒரு கால் துளைக்குள் போயிருந்ததால் முழங்காலுக்குக் கீழே தோல் இல்லை.

தண்ணீரில் மூழ்கிச் செத்தான் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டாகிவிட்டது. சர்க்கார் கணக்கில் அவ்வளவுதான். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ராசுவின் பெண்டாட்டி சின்னப்பிள்ளை நேராக ஐயனார் கோயில் திடலுக்கு நடந்துபோய், ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். அதை நான் நேரில் பார்த்தேன். இருபது வயதுகூட இருக்காது. அழவில்லை.

"எழுதுனவங்க தண்ணியில செத்தான்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. தண்ணியா கயித்தக் கல்லுல கட்டுச்சு?"

அம்பலக்காரர் சிவசாமி பெரிய உடம்புக்காரர். பேசுவதற்கு முன் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்.

"ஏன்டா நாகராசு, கயித்த ஏன் கல்லுல கட்டுன?"

"தப்புத்தாங்க."

"தப்புன்னு ஊருக்கே தெரியும். ஏன் கட்டுனன்னு கேக்குறேன்."

"தப்புத்தாங்க."

"இவன் என்னய்யா, கிளிப்பிள்ள மாதிரி!" என்று யாரோ சொன்னார்கள். ஒருவன் சிரித்தான். சின்னப்பிள்ளை திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இருளாயி கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தரையில் கிடந்த வேப்பங்குச்சியைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்ப பழைய கட்டுப்பாடுதான்," என்றார் அம்பலம். "மடையில உசுரு போனா, போகக் காரணமானவன் அந்த வீட்டுக்கு ஆளு. அடுத்த மடை தொறக்குற வரைக்கும் உழவோ, அறுப்போ, சாணியோ, அந்த வீட்டு ஆம்பள செய்யிற அம்புட்டு வேலையும் அவன் செய்யணும். செத்தவன் கும்பாவுலதான் கஞ்சி குடிக்கணும். தன் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. அடுத்த மடைக்கு அவன்தான் முங்கணும். அதே கயிறு. கயித்தப் பிடிக்கிறது செத்தவன் வீட்டு ஆளு. வேற ஒருத்தரும் தொடப்படாது. இழுத்தாலும் சரி, விட்டாலும் சரி. அதோட வழக்குத் தீந்துச்சு. அதுக்கு மேல யாரும் யாரையும் ஒண்ணுங் கேக்கப்படாது."

நாகராசுவின் தாய் சொர்ணவல்லி மட்டும் "ஐயோ" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

ராசுவின் இடுப்பிலிருந்து அவிழ்த்த கற்றாழைநார்க் கயிறு அன்றே ஐயனார் கோயில் உத்தரத்தில் தொங்கவிடப்பட்டது.

எனக்கு எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற புத்தி உண்டு. இந்தக் கட்டுப்பாடு இதற்கு முன் எப்போதாவது நடந்ததா என்று அம்பலத்திடம் கேட்டேன். "எங்க பாட்டன் காலத்துல ஒரு தடவ. இழுத்துட்டாங்க. ரெண்டு வீடும் அப்பறம் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துச்சு," என்றார். தலையாரி மூக்கனிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அம்பலம் அப்படியா சொன்னாரு? எங்கய்யா சொன்னது வேற, தம்பி. கயிறு மட்டுந்தான் மேல வந்துச்சாம்," என்றார். இரண்டில் எது நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. நாகராசு புன்செயை நான்கு சால் உழுது கம்பும் கடலையும் விதைத்தான். கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளி வயலில் கொட்டினான். வேலிக்குக் கருவேல முள் வெட்டினான். மத்தியானம் கொட்டத்து நிழலில் வந்து உட்காருவான். சின்னப்பிள்ளை ராசுவின் வெண்கலக் கும்பாவில் கூழை ஊற்றி, எட்ட இருந்து தரையில் வைத்துத் தள்ளுவாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்க மாட்டாள். இருளாயி போகிற போக்கில் ஒரு வெங்காயத்தையோ கருவாட்டுத் துண்டையோ கும்பாவின் விளிம்பில் போட்டுவிட்டுப் போவாள்.

"நாய்க்குப் போட மறக்க மாட்டீங்க," என்பாள் சின்னப்பிள்ளை.

"வேல செய்யிற மாட்டுக்குத் தவிடு வைக்கிறதில்லையா? கம்முன்னு இருடி."

"மாடு யாரையுங் கொல்லல."

நாகராசு கூழைக் குடித்துக்கொண்டே இருப்பான். குடித்ததும் கும்பாவைச் சாம்பல் போட்டு அவனே தேய்த்துக் கவிழ்த்து வைப்பான்.

ஒரு நாள் காலை கிணற்றடியில் சொர்ணவல்லி இருளாயியை வழிமறித்தாள். நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

"இருளாயி, எம்புள்ள மெலிஞ்சு போயிட்டான். முதுகெலும்பு எண்ணிரலாம் போல இருக்கு."

இருளாயி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "எம்புள்ள மெலியமாட்டான்."

"நான் அப்படியா சொன்னேன்? நீயும் புள்ள பெத்தவ..."

"பெத்தேன்ல. அதான் கேக்குறேன். ஒன் புள்ள மெலிஞ்சா ஒனக்குக் கண்ணுல தெரியுது. போ சொர்ணம். தண்ணிக்கு வந்தா தண்ணிய எடுத்துக்கிட்டுப் போ."

சொர்ணவல்லி குடத்தை இடுப்பில் வைத்தாள். பத்தடி போய்த் திரும்பி, "ஐப்பசியில மழ பேயப்படாதுன்னு ஐயனாருக்கு நேந்திருக்கேன்," என்றாள்.

"பேயாட்டி ஊரே சாகும்."

"சாகட்டுமே," என்றாள் அவள்.

மாலை வகுப்பில் எங்களுக்குப் பாடம் சொன்னவர் ஆவூர்க்காரரான மைக்கேல்சாமி வாத்தியார். அந்த ஆவணியில் அவர், பண்டைக் காலத்துச் சட்டங்களும் தண்டனைகளும் நியாயமா அநியாயமா என்று இரண்டு அணியாகப் பேசச் சொன்னார். என்னை நியாயம் என்கிற அணியில் போட்டார். நான் எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை. வகுப்பு முடிந்ததும் அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணுன்னு எழுதி வச்சான். அதுக்கு முந்தி ஒரு கண்ணுக்கு ஒரு குடும்பத்தையே வெட்டிக்கிட்டிருந்தான். அப்படிப் பாத்தா அது நியாயந்தான்ப்பா, அன்னிக்கு."

"இன்னிக்கு சார்?"

"நீ ஸ்டேஷன்ல போய்ச் சொல்லலாம். வந்து நிறுத்திருவாங்க. அந்தப் பையன் பொழைப்பான். அப்பறம் அவன் எந்த ஊர்ல போயி இருப்பான்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அவனையே கேளு. அவன் உசுருல்ல," என்றார்.

கேட்டேன். கடலைக்காட்டில் களைக்கொத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாகராசண்ணே, நான் வேணும்னா கீரனூர் ஸ்டேஷன்ல சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவ?"

"இந்த மாதிரி, ஊர்ல ஒரு உசுர எடுக்கப் போறாங்கன்னு."

"யாரு எடுக்கப் போறா? பெரியாத்தாவா?" இருளாயியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். ஏதோ வேடிக்கைபோலச் சிரித்தான். "ஜெயில்ல போட்டா நல்லாத்தேன் இருக்கும், தம்பி. அங்க யாரு மொகத்தையும் பாக்க வேணாம்ல. இங்க தெனம் விடிஞ்சா பெரியாத்தா மொகம். அடைஞ்சா சின்னப்பிள்ள மொகம். நடுவுல அவன் கும்பா. அந்தக் கும்பாவுக்குள்ள குனிஞ்சா எம்மொகந்தான் தெரியுது." களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வேணாம். நீ டிக்கெட்டு எழுது."

"ஏன் கட்டுனீங்கன்னு சபையில சொல்லியிருக்கலாம்ல?"

"செத்தவனச் சாட்சிக்கிக் கூப்புட முடியுமா?" என்றான். இது எனக்கு அப்போது புரியவில்லை.

ஐப்பசி பிறந்து பத்து நாள் வரை வானம் வெளுத்தே கிடந்தது. சொர்ணவல்லி கோயிலில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று மூக்கன் சொன்னார். அதன் பிறகு ஒரு நாள் பிற்பகலில் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. வந்த மழை நான்கு நாள் விடவில்லை. ஓடையெல்லாம் செம்மண் கலங்கிக் கண்மாய்க்குள் இறங்கியது. ஊரே கரையில் நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்தது. முதல் கல்பலகை முழுகியபோது ஒருவன் கை தட்டினான். பக்கத்தில் நின்றவன் அவன் கையைப் பிடித்து அடக்கினான். எல்லோருக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. அது எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதும் தெரிந்திருந்தது.

மழை விட்டு ஒரு வாரம் கழித்துப் பலகைகள் வெளியே தெரிந்தன. கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை காலை மடை திறப்பது என்று மூக்கன் தப்படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. விளக்கு வைக்கிற நேரம். நாகராசு மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தான். மண்சுவருக்கு அப்பால் பேசியதை இங்கே எழுதுகிறேன். ஒட்டுக்கேட்டது தவறுதான். ஆனால் அன்று நான் நகர்ந்து போயிருக்க முடியும் என்று தோன்றவில்லை.

"நாளைக்கி நீங்க இழுக்கக் கூடாது அயித்த," என்றாள் சின்னப்பிள்ளை.

அம்மியில் ஏதோ அரைபடும் சத்தம்.

"ஒங்களத்தான். கயித்தச் சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. கல்லு மாதிரி நில்லுங்க. அவன் நின்னானே, அப்படி."

"மொளகாய எடு."

"பத்து மாசமா நம்ம வீட்டுக் கும்பாவுல கஞ்சி குடிச்சிருக்கான். ஒங்களுக்கு மனசு எளகிப் போச்சு. எனக்குத் தெரியும். வெங்காயம் போடும்போதே தெரியும்."

அரைப்பது நின்றது.

"ராசு சாகுறதுக்கு மொத நாளு, நம்ம கொல்ல வேலி பிரிஞ்சு கெடந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்ப?"

"நான்தான் நாகராசக் கூப்புட்டு முள்ளு வெட்டித் தாடான்னேன். ஒம்புருசன் சந்தைக்கிப் போயிருந்தான். வெட்டுனான். உள்ளங்கையில ஒரு முள்ளு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வந்துருச்சு. நான்தான்டி ஊசியால நோண்டி எடுத்தேன். மஞ்சப்பத்து வச்சுத் துணி சுத்தி விட்டேன். ராத்திரி கை வீங்கிப் போச்சுன்னு அவன் ஆத்தா வந்து மஞ்சக் கேட்டா. குடுத்தேன்." இருளாயியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "மறுநாள் அந்தக் கையாலதான் கயித்தப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியாதா? ஒம்புருசனுக்குத் தெரியாதா? வீங்குன கைய வச்சுக்கிட்டு இவன் எப்படிப் பிடிப்பான்? ராசுதான் சொல்லியிருப்பான், கல்லுல கட்டுடான்னு. அவன் வாயி எனக்குத் தெரியும். எதுக்கெடுத்தாலும் ஒண்ணும் ஆகாதும்பான்."

சின்னப்பிள்ளை மிளகாய்த் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சபையில ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா யாரு மேலடி கோவப்படுறது? அந்தக் கோவந்தான் எனக்குச் சோறு எறக்குச்சு. எம்மேல நானே கோவப்பட்டா நான் எப்பவோ அந்தக் கண்மாயில கெடந்திருப்பேன்."

"அப்ப நான்? நான் யாரக் கேக்குறது? எனக்கு யாரக் காட்டுறீங்க?" இப்போதுதான் சின்னப்பிள்ளை அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அது ஒரு முறைதான். "கட்டுப்பாடு பழசாம், நாயமாம். எனக்கு என்ன நாயம் குடுத்துச்சு?"

"இது அவனுக்குப் போட்ட தண்டனை இல்லடி. அம்பலம் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவன் முங்குவான், பொழைப்பான், இல்ல போவான். கயிறு எங்கையில இருக்கு. விட்டா நான் கொலகாரி. இழுத்தா புள்ளைய வித்தவ. எந்தப் பாட்டன் கட்டுனானோ, நல்லாக் கட்டி வச்சிருக்கான்."

வாசலில் புல்லுக்கட்டு விழும் சத்தம் கேட்டது. நாகராசு வந்துவிட்டான். அம்மி மறுபடி ஓடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை.

கரை முழுவதும் ஜனம். மழைக்காலத்துக் காலை, வெயில் இன்னும் சூடேறவில்லை. தண்ணீர் வேப்பெண்ணெய் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மூக்கன் ஐயனார் கோயிலிலிருந்து கயிற்றைக் கொண்டுவந்தார். பத்து மாதம் உத்தரத்தில் தொங்கி விறைத்துப் போயிருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்துப் பதமாக்கினார்கள். நாகராசு வேட்டியைத் தாறுபாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றான். சொர்ணவல்லியை இரண்டு பெண்கள் பிடித்திருந்தார்கள். அவள் திமிறவில்லை. மகனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலியறுத்தவள் மடைக்கல்லை மிதிக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். இருளாயியும் அறுத்தவள்தான். அவள் புருஷன் செத்துப் பல வருஷம். அதைப் பற்றி ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்த வீட்டுல ஆம்பளை இல்ல. மூத்தவளுக்கு மட்டும் ஊரு சம்மதம்," என்றார் அம்பலம். "இன்னொருத்தி மிதிக்கப்படாது."

இருளாயி கல்பலகைகளின் மேல் நடந்து போனாள். குறுக்குக்கல்லில் ஏறி நின்று சேலையை இழுத்துச் செருகினாள். நாகராசு கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறு முனையை அவளிடம் நீட்டினான். அவன் ஏதோ சொன்னான், உதடு அசைந்தது. கரைக்குக் கேட்கவில்லை. அவள் "சரி, எறங்கு" என்றது மட்டும் கேட்டது.

தூணைப் பிடித்துக் குனிந்து இறங்கினான். தண்ணீர் மூடிக்கொண்டது. கயிறு வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நீர்க்குமிழிகள் வந்தன. பிறகு தூணுக்கு அருகில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து சுழித்தது. அடைகல் புரண்டுவிட்டது.

கயிறு சுண்டியது. நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

இருளாயி உடனே இழுத்தாளா, ஒரு கணம் நின்றாளா? அந்த இடத்தை நான் பல முறை அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். நின்றாள் என்றுதான் தோன்றுகிறது. என் பயத்தில் நேரம் நீண்டு தெரிந்திருக்கலாம். அவள் தலை ஒரு முறை கரைப்பக்கம் திரும்பியது. அதன் பிறகு அவள் குனிந்து, குதிகாலைக் கல்லில் ஊன்றி, இழுத்தாள்.

கயிறு வரவில்லை.

பழைய சட்டத்தை ஏற்படுத்தியவர்கள் கயிறு ஒரு தகப்பன் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். கிழவியின் கையில் இருக்கும் என்று நினைக்கவில்லை. மடை ஒரு முழு ஆண்பிள்ளையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஈரக் கயிறு அவள் கைகளுக்குள் உருவிக்கொண்டு போனது. அவள் விடவில்லை. முனகிக்கொண்டு இன்னும் இறுக்கினாள். கயிறு சிவப்பாகத் தெரிந்தது.

"அடப் பாவிகளா, பிடிங்கடா!" என்று சொர்ணவல்லி கத்தினாள்.

நான்கைந்து பேர் முன்னால் பாய்ந்தார்கள். நானும் ஓரடி வைத்தேன். மூக்கன் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"யாரும் தொடப்படாது!" என்றார் அம்பலம். "தொட்டா வழக்குத் தீராது! வேற ஆளு தொடப்படாது!" நான் கவனித்தது, அவர் மடியில் துண்டு இல்லை. கையில் முறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்போது சின்னப்பிள்ளை கம்புக்குக் கீழே குனிந்து போனாள்.

"ஏய், நில்லு! நீ மிதிக்கப்படாது!"

"நானும் அந்த வீட்டு ஆளுதான்," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கல்பலகையில் ஓடினாள். ஒரு இடத்தில் வழுக்கி முழங்கால் ஊன்றி எழுந்தாள். மாமியாருக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து, முந்தானையைச் சுற்றிக்கொண்டு, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்தாள்.

"இழுங்க அயித்த! சாக விட்ராதீங்க. இழுங்க!"

இரண்டு பெண்களும் கிட்டத்தட்டப் படுத்தே விட்டார்கள். கயிறு ஒரு முழம் வந்தது. நின்றது. இன்னும் ஒரு முழம் வந்தது. பிறகு திடீரென்று இலகுவாகி, இரண்டு பேரும் பின்னால் விழ, தூணுக்கருகில் நாகராசுவின் தலை வெளியே வந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. சின்னப்பிள்ளை அவன் மயிரைப் பிடித்துக் கல்லின் மேல் இழுத்துப் போட்டு முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். அது தண்ணீரை வெளியேற்றுவதற்கான அடி மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. ஏழெட்டு அடிக்குப் பிறகு அவன் இருமித் தண்ணீரைக் கக்கினான்.

கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்பலக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வழக்குத் தீந்துச்சு."

இருளாயி கல்பலகையில் உட்கார்ந்தபடியே இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவர் பக்கம் காட்டினாள். தோல் சுருண்டு போயிருந்தது.

"தீந்துச்சா?" என்றாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க அம்பலம்."

அவர் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்க்கப் போகிறவர்போலக் கரையை விட்டு இறங்கினார்.

நாகராசு அன்றே தன் வீட்டுக்குப் போனான். கும்பாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாற்று வேட்டியை எடுத்துக்கொண்டு போனான். சொர்ணவல்லி ஒரு கோழி அடித்துக் குழம்பு வைத்து அனுப்பினாள். சின்னப்பிள்ளை சட்டியைத் திறந்து பார்த்து, "உப்பு அதிகமாத்தான் இருக்கும்," என்றாள். ஆனாலும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கை கட்டுப்போட்டிருந்த இருளாயிக்கு உருட்டி உருட்டிக் கொடுத்தாள். இரண்டு வாய் தானும் தின்றாள்.

மடையிலிருந்து கயிற்றை அவர்களே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான்கு நாள் கழித்து மூக்கன் வந்தார்.

"ஆத்தா, அந்தக் கயித்த அம்பலம் வாங்கிட்டு வரச் சொன்னாரு. அது ஊருக் கயிறாம். கோயில்ல கெடக்கணுமாம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... இன்னொரு தடவ தேவப்பட்டா..."

"யாருக்கு?"

மூக்கன் தலையைச் சொறிந்தார். "அது இப்ப எப்பிடித் தெரியும் ஆத்தா?"

"கொட்டத்துல இருக்கு. போயி எடுத்துக்க."

மூக்கன் கொட்டத்துக்குள் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். ராசு கன்றிலேயே கீரனூர்ச் சந்தையில் பிடித்துவந்து வளர்த்த செவலைப் பசு நின்றது. கயிற்றின் ஒரு முனை அதன் கழுத்தில், மறு முனை முளைக்குச்சியில். மிச்சக் கயிறு அதன் காலடியில், சாணியிலும் மூத்திரத்திலும் ஊறிக் கிடந்தது.

"மாட்டுல கட்டிட்டீங்களா!"

"கயிறு வேற எதுக்கு? அவுத்துக்கிட்டுப் போ. ஆனா முட்டும். ராசு ஒருத்தனுக்குத்தான் அடங்கும். அப்பறம் நாகராசுக்கு."

மூக்கன் ஒரு காலை எடுத்து வைத்தார். பசு தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது. அவர் காலைப் பின்னால் வைத்துக்கொண்டார். அடுப்படியில் சின்னப்பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அம்பலத்துக்கிட்ட என்னன்னு சொல்ல?"

"வேணும்னா அவரையே வந்து அவுத்துக்கச் சொல்லு," என்றாள் இருளாயி.

அம்பலக்காரர் வரவில்லை. தை முடிந்து எனக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றம் வந்தது. பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று காலையிலும் பசு அந்தக் கயிற்றில்தான் நின்றது. அறுப்பு முடிந்த வயலில் மேய்க்க நாகராசு அதை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கயிற்றை முளையில் விட்டுவிடாமல் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பசுவை நடத்திப் போனான்.